இணைப்பு ஒன்று: ஒரு கதவு நிலை

தையற்காரி வீட்டு வாசல் நிலையில் இரண்டு வளர்ச்சிகள் பதிவாகியிருந்தன. இடது காலில் மகள். வலது காலில் கடல்.

மகளுக்குச் சிவப்புப் பேனா, கடலுக்கு நீலப் பேனா. ஒவ்வொரு பிறந்தநாளன்றும் மகளை இடது நிலைக்காலில் முதுகு ஒட்ட நிறுத்தி, உச்சந்தலையில் ஸ்கேலை வைத்து ஒரு கோடு, பக்கத்தில் தேதியும் சென்டிமீட்டரும். பெயர் எழுதவில்லை. சொந்த வீட்டு நிலையில் சொந்தப் பிள்ளையின் பெயரை யார் எழுதிவைப்பார்கள்? கழுத்தில் எந்நேரமும் டேப் தொங்குகிற பெண்ணுக்கு எதையும் அளக்காமல் விட மனசு வராது. கடல் தெருவுக்குள் வர ஆரம்பித்தபோது அதையும் அளந்தாள். முதல் தடவை நாலு சென்டிமீட்டர். நாலு வருடத்தில் முப்பத்தெட்டு.

கடல் நேரடியாக வரவில்லை, சாக்கடை வழியாக வந்தது. தெருச் சாக்கடை கடலில் போய் விழும் வாயில் முன்பு ஓர் இரும்புக் கதவு தொங்கிக்கொண்டிருந்தது. உள்ளிருந்து சாக்கடை தள்ளினால் திறக்கும், வெளியிலிருந்து கடல் தள்ளினால் மூடிக்கொள்ளும். எந்தக் கூட்டத்திலும் கலந்துகொள்ளாமல், எந்த அறிக்கையும் தராமல், இருபது வருடம் அந்தக் கதவு தன் வேலையைப் பார்த்தது. பிறகு கீல் துருப்பிடித்து விழுந்துவிட்டது. அன்று முதல் அமாவாசை பௌர்ணமிக்குக் கடல் ஏறும்போதெல்லாம் தண்ணீர் சாக்கடைக்குள் ஏறி, தெருவில் பொங்கி, வீட்டு வாசலில் வந்து நிற்கும்.

அவள் புருஷன் படகுப் பட்டறையில் வெல்டர். நிலையின் இரண்டு காலிலும் இரும்பில் தவாளிப்புப் பள்ளம் அடித்து, முழங்கால் உயரப் பலகை ஒன்றை அதில் இறக்கி, ஓரத்தில் பழைய டயர் டியூபை வெட்டி ஒட்டியிருந்தான். தண்ணீர் வரும் நாளில் பலகையை இறக்கினால் நாற்பத்தைந்து சென்டிமீட்டர் வரை ஒரு சொட்டு உள்ளே வராது. உள்ளே இரண்டு தையல் மெஷின், ஓர் ஓவர்லாக் மெஷின், தைத்தும் தைக்காமலும் அடுக்கிய துணி. அந்தக் குடும்பத்தின் கடற்கரைப் பாதுகாப்பு மொத்தமும் அந்த ஒரு நிலைதான்.

ஆனால் படகுக்காரர்கள் சுவரில் ஒட்டியிருந்த கடலேற்ற அட்டவணை வேறு சொன்னது. அடுத்த வருடம் வரப்போகும் பெரிய ஏற்றத்துக்கு இந்தப் பலகை போதாது.

"கதவை மாட்டிட்டா முடிஞ்சுது. ரெண்டு கீல், ஒரு தகடு. அரை நாள் வேலை," என்றான் வெல்டர்.

மாட்டப் போனான். ஏணியில் ஏறி ஒரு கீலைப் பற்றவைப்பதற்குள் ஜீப் ஒன்று வந்து நின்றது. கடலோர வருங்காலத் திட்ட ஆணையத்திலிருந்து இரண்டு பேர் இறங்கினார்கள்.

"இந்தச் சாக்கடை வாய் திட்டத்துல இருக்கு. தொடக் கூடாது."

"திட்டத்துல இதை என்ன பண்ணப் போறீங்க?"

"அது இன்னும் முடிவாகல. முடிவாகாத இடத்துல யாரும் எதையும் மாத்தக் கூடாது."

வைத்த கீலையும் கழற்றச் சொல்லி நோட்டீஸ் கொடுத்துவிட்டுப் போனார்கள். அவன் கழற்றினான். அன்றிலிருந்து தையற்காரிக்குப் பிடித்தது சனி.

ஆணையத்தின் கட்டடம் ஏழு மாடி. கீழ்த் தளத்தில் வெறும் நீளமான நடைகூடமும் வண்டி நிறுத்துமிடமும்தான். அலுவலகம் முதல் மாடியிலிருந்து ஆரம்பித்தது. ஏன் என்று லிஃப்ட்காரரிடம் கேட்டாள். "முன்னெச்சரிக்கை," என்றார்.

பிரிவு அதிகாரி மூன்றாவது மாடியில் இருந்தார். சுவர் முழுக்க நீல நீலமாக வரைபடங்கள். அவள் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டார். கேட்பதில் அவரைக் குறை சொல்ல முடியாது.

"உங்க வீட்டுக்குத் தண்ணி எப்ப வருது?"

"போன வாரம் வந்துது சார். இன்னும் எட்டு நாள்ல மறுபடி வரும்."

"அதான் பிரச்சினை." வருத்தத்தோடு பேனாவை மூடினார். "நாங்க பார்க்கிறது இரண்டாயிரத்து ஐம்பதுல வரப்போற தண்ணி. உங்களுது இன்னைக்குத் தண்ணி. ரெண்டும் வேற வேற துறை."

"ரெண்டும் அதே கடல்தானே சார்?"

"கடல் ஒண்ணுதாம்மா. தலைப்பு வேற."

நகராட்சிக்கு அனுப்பினார்கள். நகராட்சியில் ஒருவர், "தண்ணி உப்பா கரிக்குதா?" என்று கேட்டார். கரிக்கும் என்றாள். உப்புத் தண்ணீர் தங்களுக்குக் கீழே வராது என்று திரும்ப ஆணையத்துக்கே அனுப்பினார். கால் கடுக்க நடந்ததுதான் மிச்சம். நாலு மாதம் இப்படியே அலைக்கழித்தார்கள். அதற்குள் தண்ணீர் எட்டுத் தடவை வந்து போய்விட்டது, யாரிடமும் கையெழுத்து வாங்காமல்.

ஐந்தாம் மாதம் மக்கள் கருத்துக்கேட்பு என்று ஓர் அழைப்பு வந்தது. குளிரூட்டிய மண்டபம். தெருவிலிருந்து பதினோரு பேர் போனார்கள். ஒவ்வொருவர் கையிலும் ஒட்டும் காகிதம் இரண்டு கொடுத்தார்கள். பச்சையில் உங்கள் அச்சத்தை எழுதி இடப்பக்கப் பலகையில் ஒட்ட வேண்டும், மஞ்சளில் உங்கள் கனவை எழுதி வலப்பக்கம்.

தையற்காரி இரண்டிலும் 'சாக்கடைக் கதவு' என்று எழுதினாள்.

நிகழ்ச்சியை நடத்திய பெண் குழம்பிப் போனாள். "அக்கா, இது அச்சமா கனவா? ஒண்ணைத் தெளிவா சொல்லுங்க. அப்பதான் எண்ண முடியும்."

"கதவு இல்லாதது அச்சம். இருந்தா கனவு."

இரண்டு காகிதத்தையும் செல்லாதவை என்று தனி உறையில் போட்டார்கள். பிறகு இயக்குநர் பேச எழுந்தார். சிவந்த முகம், நல்ல குரல்.

"கடல் உயர்கிறது என்று பயப்படுகிறீர்கள். பயம் வேண்டாம். கடல் உயர்கிற வேகத்தைவிட நம் ஆணையம் வேகமாக உயர்ந்திருக்கிறது. ஆறு வருடத்துக்கு முன் நாங்கள் ஒன்பது பேர். இன்று முந்நூற்று நாற்பது. முதல் திட்டம் நாற்பது பக்கம். இப்போதைய திட்டம் ஆயிரத்து இருநூறு. ஒரே ஒரு செங்கல்கூட அவசரப்பட்டு வைக்கவில்லை என்பதைப் பெருமையோடு சொல்வேன். எங்களிடம் இல்லாதது ஒன்றே ஒன்று. மக்களிடமிருந்து ஆதாரம்."

கைதட்டல். அது ஓய்ந்ததும் தையற்காரி எழுந்தாள். "எங்க வீட்டு நிலையில தேதி போட்டு அளந்து வச்சிருக்கேன் சார்."

பின்வரிசையில் சாய்ந்து தூங்கிய ஒருவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "மக்கள் அறிவு!" என்றார் இயக்குநர், கண் கலங்கியே விட்டது. "உடனே மனு கொடுங்கள் அம்மா. ஆதாரத்தோடு வந்தால் கதவு என்ன, மதிலே கிடைக்கும்."

மனுவில் 'எங்கள் வீட்டு வாசல் நிலையில் உள்ள அளவுகளின்படி' என்று ஒரு வரி எழுதினாள். அந்த ஒரு வரிதான் வினை. கோப்பு எழுத்தர் அதன் கீழே சிவப்பில் கோடிட்டு, "இது எங்க?" என்று கேட்டார்.

"வீட்டுல இருக்கு சார்."

"ஆதாரம்னு சொல்லிட்டா அசலை இணைக்கணும்."

"போட்டோ எடுத்துத் தரேன்."

"போட்டோ நகல். நகலுக்குச் சான்று வேணும். சான்று தர அசலைப் பார்க்கணும். அதுக்குப் பேசாம அசலையே இணைச்சிடுங்க, வேலை சுலபம். ஒரே வாரம், திருப்பிக் கொடுத்துடுவோம்."

மறுநாள் ஆறு பேர் வந்து நிலையைச் சுவரிலிருந்து பெயர்த்தார்கள். கதவைக் கழற்றி உள்ளே சாய்த்து வைத்தார்கள். வெல்டர் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான். அவள்தான், "ஒரு வாரந்தானே," என்று சமாதானம் சொன்னாள். தான் சொன்னதைத் தானே நம்பவும் செய்தாள்.

அலுவலகத்தில் நிலையின் மேல்கட்டையில் துளைபோட்டு, கோப்புக் கயிற்றை அதில் கோத்து, மனுவோடு சேர்த்துக் கட்டினார்கள். 'இணைப்பு 1' என்று முத்திரை குத்தினார்கள். இதற்கப்புறம்தான் நிலை லிஃப்டுக்குள் போகாது என்று தெரிந்தது. படிக்கட்டுத் திருப்பத்திலும் சிக்கியது. இணைப்பைப் பிரித்தால் கோப்பு செல்லாது, பிரிக்காவிட்டால் கோப்பு மேலே போகாது. எனவே நிலையைக் கீழ்த் தளத்து நடைகூடத்தின் நடுவில் நிமிர்த்தி வைத்து, கோப்பை அதில் தொங்கவிட்டார்கள். கையெழுத்துப் போட வேண்டியவர்கள் ஒவ்வொருவராக இறங்கி வந்தார்கள். சிலர் நிலையைச் சுற்றிக்கொண்டு போனார்கள். பெரும்பாலோர் தலையைக் குனிந்து அதன் வழியாகவே போய் வந்தார்கள். இயக்குநர் வரும்போது மட்டும் காவலாளி இல்லாத கதவைத் திறந்துவிடுவதுபோல் கையை நீட்டுவார்.

ஒரு வாரம் எட்டு மாதமானது. பலகை இருந்தது, அதை இறக்கத் தவாளிப்பு இல்லை. மணல் மூட்டையை அடுக்கினார்கள். ஒரு பௌர்ணமி மத்தியானம் தண்ணீர் மூட்டைகளின் இடுக்கில் புகுந்து, ஓவர்லாக் மோட்டாரை நனைத்து, தரையில் பொட்டலம் கட்டி வைத்திருந்த நாற்பது பள்ளிச் சீருடைகளையும் சாக்கடை நிறத்தில் தோய்த்துவிட்டது. மோட்டார் பிழைக்கவில்லை. சீருடைகளை மூன்று தண்ணீரில் அலசியும் நாற்றம் போகவில்லை. தையற்காரி நனைந்த சட்டைகளின் நடுவில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். மகள் பக்கத்தில் வந்து, "இதை எங்கம்மா கோடு போடுறது?" என்று கேட்டாள். நீலப் பேனா அவள் கையிலேயே இருந்தது.

மறுநாள் அவள் ஆணையத்துக்குள் புயலாக நுழைந்தபோது பிரிவு அதிகாரி எழுந்து நின்று வரவேற்றார். முகம் வெளிறியிருந்தது.

"நல்லவேளை வந்தீங்க. உங்க ஆதாரத்தை ஆராய்ச்சி பண்ணி முடிச்சாச்சு. நிலைமை ரொம்ப மோசம்மா."

திரையில் ஒரு படம் காட்டினார். சிவப்புக் கோடு ஒன்று ஏணிப்படிபோல் ஏறிக்கொண்டே போனது. தொண்ணூற்றெட்டு, நூற்று நாலு, நூற்றுப் பத்து. கடைசியில் நூற்று இருபத்தாறு.

"வலது கால்ல இருக்கிறது வீட்டுக்கு உள்ள வந்த தண்ணி. அது சின்னது. இடது கால்ல இருக்கிறதுதான் வெளித் தண்ணி. வருஷத்துக்கு அஞ்சு, ஆறு சென்டிமீட்டர், பிசகாம ஏறுது. அதைவிட ஆச்சரியம், ஒவ்வொரு வருஷமும் ஒரே தேதியில வருது! உலகத்துல எங்கயும் இப்படி ஒரு ஏற்றம் இல்ல. இயக்குநர் வெளிநாட்டுக் கூட்டத்துல படிக்கக் கட்டுரையே எழுதிட்டார்."

அவள் திரையில் இருந்த தேதிகளைப் பார்த்தாள். பிறகு தலையில் அடித்துக்கொண்டாள்.

"ஐயோ சார்! அது தண்ணி இல்ல. என் பொண்ணு!"

"யாரு?"

"சிவப்புல இருக்கிறது என் பொண்ணோட உயரம். அது அவ பிறந்தநாள்!"

அதிகாரி திரையை அணைத்தார். பிறகு கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"இதை முன்னாடியே சொல்லியிருக்கணும். இப்ப விவரம் உறைநிலைக்குப் போயாச்சு. மாத்த முடியாது. இந்தக் கணக்குப்படி நூற்றாண்டு முடியறதுக்குள்ள உங்க தெருவுல அஞ்சரை மீட்டர் தண்ணி நிக்கும். அதனால உங்க தெருவைக் காப்பாத்த முடியாத பகுதின்னு முடிவு பண்ணிட்டாங்க. காப்பாத்த முடியாத இடத்துல கதவு போட விதியில்ல."

"பொண்ணு அஞ்சரை மீட்டர் வளருவாளா சார்?"

"வளரமாட்டாங்கிறதுக்கு ஏதாவது ஆதாரம் இருக்கா?"

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"ஒரு வழி இருக்கு. பொண்ணு இந்த வயசுல வளர்றதை நிறுத்திடுவான்னு டாக்டர்கிட்ட ஒரு சான்றிதழ் வாங்கிட்டு வாங்க. அதை வச்சுக் கடல்மட்டத்தைத் திருத்திக்கலாம்."

டாக்டர் சிரித்தார், சான்றிதழ் தரவில்லை. பெரிய ஏற்றத்துக்குப் பன்னிரண்டு நாள்தான் இருந்தது. அதற்கு முன் மகளின் பத்தாவது பிறந்தநாள் வந்தது. தையற்காரிக்கு ஒரு யோசனை. ஆளையே காட்டிவிட்டால் யாரால் மறுக்க முடியும்? பள்ளிக்கு லீவு போட்டு மகளை ஆணையத்துக்கு அழைத்துப் போனாள். வெல்டரும் கூட வந்தான்.

நடைகூடத்தில் இயக்குநர், பிரிவு அதிகாரி, கோப்பு எழுத்தர் எல்லாரும் கூடினார்கள். தையற்காரி மகளை இடது காலில் நிறுத்தினாள். பழைய கோடுகள் காலின் ஓரத்தில் தெரிந்தன, கடைசிக் கோடு மகளின் நெற்றிக்கு நேராக இருந்தது.

"பாருங்க சார். போன வருஷம் இங்க. இப்ப இங்க." ஸ்கேலை உச்சந்தலையில் வைத்து, கழுத்திலிருந்த டேப்பை இறக்கினாள். "நூத்தி முப்பத்திரெண்டு. இதுதான் அந்தக் கோடு. இது கடல் இல்ல, பிள்ளை. புரியுதா?"

எல்லாரும் புரிந்த மாதிரி தலையாட்டினார்கள். மகள் இயக்குநரைப் பார்த்துச் சிரித்தாள். அவரும் சிரித்தார். தையற்காரிக்கு அப்பாடா என்றிருந்தது.

பின்னால் மடிக்கணினியோடு நின்ற விவரப் பதிவாளர் மட்டும் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. அவருடைய வேலை எண்ணைக் கேட்டதும் பதிவது. தேதியைப் போட்டார், நூற்று முப்பத்திரண்டைப் போட்டார், பொத்தானை அழுத்தினார்.

அடுத்த நொடி ஏழு மாடியிலும் அபாயச் சங்கு ஊதியது.

"ஒரே வருஷத்துல ஆறு சென்டிமீட்டர்!" என்று பதிவாளர் கத்தினார். "அளந்த இடம்... நம்ம நடைகூடம்!"

"அது என் பொண்ணு!" என்று தையற்காரி அலறினாள். சங்குச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. இயக்குநருக்கு மட்டும் கேட்டது. அவர் மகளை ஒரு பார்வை பார்த்தார், கணினியை ஒரு பார்வை பார்த்தார். பிறகு வருத்தத்தோடு, "நேரில் பார்ப்பதை நம்பி முடிவெடுத்தால் நாங்கள் ஆணையமாக இருக்க முடியாது அம்மா," என்று சொல்லிவிட்டுப் படிக்கட்டில் ஓடினார்.

ஆறு வருடமாக ஒரு செங்கல்கூட வைக்காத ஆணையம் ஒன்பதே நாளில் வேலையை முடித்தது. ஆபத்துப் பகுதியிலிருந்து முதலில் வெளியேற வேண்டியவர்கள் என்று ஒரு தலைப்பு ஆயிரத்து இருநூறு பக்கத் திட்டத்தில் இருந்தது. யார் என்று எழுதவில்லை. அதனால் தாங்களே வெளியேறினார்கள். கடலிலிருந்து நூற்றைம்பது மைல் தள்ளி, மலைமேல் ஒரு கட்டடம் கிடைத்தது. லாரி லாரியாக மேஜை போனது, நாற்காலி போனது, குளிரூட்டி போனது. கடைசி லாரியில் கோப்புகள். அவற்றின் நடுவில் தையற்காரி வீட்டு நிலை நிமிர்ந்து நின்றது, கயிற்றில் மனு ஆடிக்கொண்டிருந்தது.

"சார், என் நிலை!" லாரிக்குப் பின்னால் ஓடினாள்.

"இணைப்பை விட்டுட்டுக் கோப்பு போக முடியாதும்மா," என்று கோப்பு எழுத்தர் மேலிருந்து கத்தினார். "கதவை மட்டும் பத்திரமா வச்சிருங்க!"

லாரி திரும்பி மறைந்தது. நடுரோட்டில் நின்று அவள் வாய்க்கு வந்தபடி திட்டினாள். வெல்டர் அவள் திட்டி முடிக்கும்வரை காத்திருந்தான். பிறகு காலியான கட்டடத்தைப் பார்த்துக்கொண்டே மெதுவாகக் கேட்டான்.

"ஏய், ஆபீஸே போயிடுச்சே. இனி நோட்டீஸ் யார் குடுப்பா?"

அவள் அவனைப் பார்த்தாள். இரண்டு பேரும் வீட்டுக்கு ஓடினார்கள்.

இரண்டு கீல், ஒரு தகடு. பட்டறையிலிருந்து நாலு பேர் கை கொடுத்தார்கள். சாப்பாட்டு நேரத்துக்குள் முடிந்துவிட்டது. அரை நாள்கூட ஆகவில்லை. பதினாலு மாதம் நாயாய்ப் பேயாய் அலைந்தது இதற்கா என்று நினைத்தபோது தையற்காரிக்குச் சந்தோஷத்தைவிட ஆத்திரம்தான் வந்தது.

இரண்டாம் நாள் காலை பெரிய ஏற்றம். தெருவே சாக்கடை வாயில் கூடி நின்றது. கடல் ஏறி வந்து தகட்டில் மோதியது. கதவு ஒருமுறை அதிர்ந்து, மூடிக்கொண்டது. ஓரத்தில் நூல்போல ஒரு கசிவு, அவ்வளவுதான். பத்தரை மணிக்குக் கடல் இறங்க ஆரம்பித்தபோது தெரு காய்ந்தே கிடந்தது. வீட்டுக்கு வந்து தையற்காரி நிலை இல்லாத வாசலில், வெறும் செங்கல்மேல், அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

மூன்று வாரம் கழித்து மலையிலிருந்து ஒரு கடிதம் வந்தது. மகள்தான் உரக்கப் படித்தாள்.

'தங்கள் தெருவுக்கு வந்து சேர வேண்டிய நூற்று முப்பத்திரண்டு சென்டிமீட்டர் தண்ணீர் வரவில்லை எனத் தெரியவருகிறது. இதனால் எமது விவரத் தொடரில் இடைவெளி ஏற்பட்டுள்ளது. அனுமதியின்றிப் பொருத்தப்பட்ட கதவே காரணம் என ஐயுறப்படுகிறது. அதை முப்பது நாட்களுக்குள் அகற்றி, தண்ணீர் வழக்கம்போல் வர ஏற்பாடு செய்ய வேண்டும். அளவைச் சரிபார்க்க எமது குழு நேரில் வரும்.'

தையற்காரி கடிதத்தை வாங்கி, நாலாக மடித்து, ஆடிக்கொண்டிருந்த மெஷின் காலுக்குக் கீழே செருகினாள். மிதித்துப் பார்த்தாள். ஆடவில்லை.

"அம்மா, என் பிறந்தநாள் கோடு நம்ம வீட்டுல இல்லவே இல்ல," என்றாள் மகள்.

"வா, போட்டுடலாம்."

வாசலோரச் சுவரில் நிறுத்தி, ஸ்கேலை வைத்து, சிவப்பில் கோடிட்டாள். தேதி போட்டாள். நூற்று முப்பத்திரண்டு என்று எழுதினாள்.

வெல்டர் பதறினான். "எழுதாதே! வந்து பார்த்தா இந்தச் சுவரையும் பேத்து எடுத்துட்டுப் போயிடுவாங்க!"

அவள் கொஞ்சம் யோசித்தாள். பிறகு தையல் சாக்பீஸை எடுத்து, கோட்டுக்குப் பக்கத்தில், மலையிலிருந்து வருகிற எவருக்கும் தெரிகிற மாதிரி கொட்டை எழுத்தில் எழுதினாள்:

'இது தண்ணி இல்ல. பொண்ணு. இன்னும் வளருவா.'